சாரை நிறத்தில் ஒரு பாம்பு

தேனியை விட்டுக் கம்பம் சாலையில் கிளம்பினால், ஊர் முடிந்ததே தெரியாமல் பழனிசெட்டிபட்டி வந்துவிடும். சாலையின் இரு பக்கமும் இருக்கும் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு பாம்பாவது கண்ணில் படும். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கண்ணாடிக் கதவில் ஒன்று இருக்கும். மருந்துக்கடையின் பெயர்ப்பலகை ஓரத்தில் ஒன்று, டாக்டரின் கார் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒன்று. சிலவற்றில் ஒரு கோலும் ஒரு பாம்பும். சிலவற்றில் ஒரு கோல், அதைப் பின்னிய இரண்டு பாம்புகள், உச்சியில் விரித்த சிறகு.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மருத்துவச் சின்னத்தை அட்டையில் வரையச் சொல்லியிருந்தார்கள். அவள் வரைந்து வைத்திருந்தது சிறகு வைத்த இரட்டைப் பாம்பு. அன்று சாயங்காலம் முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணைப் பக்கம் நடந்து போனோம். வழியில் அரசும் வேம்பும் சேர்ந்து நின்ற ஒரு மேடை. அடியில் ஏழெட்டு நாகர் கற்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஊற்றிப் பிசுபிசுத்துப் போன கற்கள். கிளையில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள். அவள் ஒரு கல்லின் முன்னே குனிந்து, பின்னல்களை விரலால் தொட்டு எண்ணினாள். இரண்டு பாம்புகள், மூன்று பின்னல், மேலே எதிரெதிரே விரித்த இரண்டு படம்.

"மாமா, இது ஆஸ்பத்திரிப் பாம்பேதான். நம்மகிட்ட இருந்து அவுங்க எடுத்தாங்களா, இல்ல அவுங்ககிட்ட இருந்து நாம எடுத்தமா?"

இந்தக் கேள்வியைப் பெரிய அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பொருள்கள் ஒரே மாதிரி இருந்தால், ஒன்று மற்றொன்றுக்குத் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் மனம் உடனே முடிவுகட்டிவிடுகிறது. வௌவாலுக்குச் சிறகு இருக்கிறது, காக்கைக்கும் சிறகு இருக்கிறது. வௌவால் காக்கையிடமிருந்து அதைப் பெறவில்லை. இருவருக்கும் காற்று ஒன்று, பறக்க வேண்டிய தேவை ஒன்று, அவ்வளவுதான். சின்னங்களுக்கும் இப்படி நேர முடியுமா என்பதை ஒவ்வொரு பாம்பாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒற்றைப் பாம்பு. அந்தக் கோல் கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியஸுடையது. ஹோமரின் இலியட் காவியத்தில் அவர் கடவுள் இல்லை, கைதேர்ந்த வைத்தியர். அவருடைய இரண்டு மகன்கள் டிராய்ப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு மருந்து கட்டுகிறார்கள். நூற்றாண்டுகள் போகப்போக வைத்தியர் தெய்வமானார். எப்பிடாரஸ் என்ற ஊரில் அவருக்குப் பெருங்கோயில் எழுந்தது. நோயாளிகள் அங்கே வந்து, குளித்து, காணிக்கை செலுத்தி, கோயிலின் ஒரு மண்டபத்தில் இரவு படுத்துக்கொள்வார்கள். கனவில் கடவுள் வந்து சிகிச்சை சொல்வார் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கற்களில் சில நமக்குக் கிடைத்திருக்கின்றன. கால்விரலில் ஆறாத புண்ணோடு வந்த ஒருவனின் கதை அவற்றில் இருக்கிறது. வெளியே ஓரிடத்தில் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். அவன் அப்படியே தூங்கிவிட்டான். உள்ளிருந்து ஒரு பாம்பு வந்து புண்ணை நாவால் தடவிவிட்டுத் திரும்பிப் போனது. அவன் விழித்தபோது புண் ஆறியிருந்தது. கனவில் அழகான இளைஞன் ஒருவன் வந்து விரலில் மருந்து வைத்ததாக அவன் சொன்னானாம்.

அந்தக் கோயில்களில் உண்மையாகவே பாம்புகள் வளர்ந்தன. மனிதர்கள் படுத்திருக்கும் தரையில் அவை ஊர்ந்து திரிந்தன. நஞ்சில்லாத இனம் என்பதால்தான் அது முடிந்தது. தெற்கு ஐரோப்பாவில் இன்றும் வாழும் அந்த இனம் அஸ்கிலிப்பியஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளம். எலி தின்னும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரப் பாம்பு.

மருத்துவத்துக்கு ஏன் பாம்பு? சட்டை உரிப்பதை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். உரிப்பதற்குச் சில நாள் முன்பே பாம்பின் கண் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். நோய்வாய்ப்பட்டது மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். அப்புறம் கண் தெளியும். வாய் ஓரத்தைக் கல்லிலோ வேரிலோ தேய்க்கும். உதட்டோரம் தோல் பிரியும். பிறகு காலுறையை உள்புறம் வெளியே வரும்படி கழற்றுவதுபோல், தலையிலிருந்து வால்வரை ஒரே உறையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மினுமினுப்போடு போய்விடும். கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற செதிலும் அந்த உறையோடு சேர்ந்து வந்துவிடும். தமிழில் அதற்குச் 'சட்டை' என்று பேர். கிரேக்கர்கள் அதற்கு வைத்திருந்த சொல்லுக்கு 'முதுமை' என்று பொருள். பாம்பு தன் முதுமையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது என்று அவர்கள் கண்டார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இதைவிட நம்பிக்கை தரும் காட்சி வேறு என்ன இருக்கிறது?

கி.மு. 293-ல் ரோமில் கொள்ளைநோய் பரவியது. எப்பிடாரஸுக்குத் தூதர்கள் போனார்கள். அங்கிருந்து ஒரு பாம்பு கப்பலேறி வந்து, டைபர் ஆற்றின் நடுத்தீவில் இறங்கியது என்பது ரோமர்கள் சொன்ன கதை. இறங்கிய இடத்தில் கோயில் கட்டி, தீவின் கரையையே கப்பல் வடிவில் கல்லால் அமைத்தார்கள். அந்தக் கல்லில் பாம்பு சுற்றிய கோல் இன்றும் தெரிகிறது. அதே தீவில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு மருத்துவமனையும் இயங்கி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1948-ல் தன் சின்னத்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்த ஒற்றைப் பாம்பைத்தான்.

இரட்டைப் பாம்புக்குச் சிறகு முளைத்த கதை வேறு. அது ஹெர்மிஸின் கோல். ஹெர்மிஸ் தூதர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் வணிகர்களுக்கும் திருடர்களுக்கும் தெய்வம். இறந்தவர்களின் ஆவியைப் பாதாளத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப்போவதும் அவர் வேலை. அந்தக் கோல் மருத்துவமனை வாசலுக்கு வந்தது அச்சகங்கள் வழியாகவும் ராணுவ உடுப்பு வழியாகவும். பாஸல் நகர அச்சகர் ஃப்ரோபென் 16-ஆம் நூற்றாண்டில் அதைத் தன் அச்சு முத்திரையாக வைத்திருந்தார். லண்டனில் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூல்களைப் பதிப்பித்த ஜான் சர்ச்சிலும் அதையே பயன்படுத்தினார். 1902-ல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதைத் தன் உடுப்புச் சின்னமாக்கியது. அதன்பின் உலகமெங்கும் பரவிவிட்டது. வால்டர் ஃப்ரீட்லேண்டர் என்பவர் அமெரிக்காவில் 242 சின்னங்களைத் திரட்டிப் பார்த்து 1992-ல் ஒரு நூல் எழுதினார். மருத்துவர்களின் தொழில்முறைச் சங்கங்களில் 62 சதவீதம் ஒற்றைப் பாம்பை வைத்திருந்தன. வணிக நிறுவனங்களில் 76 சதவீதம் இரட்டைப் பாம்பை வைத்திருந்தன. ஆவியைக் கூட்டிப்போகும் கோலை நோயாளி நுழையும் வாசலில் மாட்டுவது தவறு என்றே நினைக்கிறேன். தெரியாமல் நடந்த தவறு. தெரிந்தபின் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் ஹெர்மிஸுக்கும் முந்திய இரட்டைப் பாம்பு ஒன்று இருக்கிறது. இன்றைய தெற்கு ஈராக்கில் டெல்லோ என்ற மேட்டை 1877 முதல் எர்னஸ்ட் டி சார்செக் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். அது சுமேரியரின் கிர்சு நகரம். அங்கே கிடைத்த கரும்பச்சை மாக்கல் குவளை ஒன்று இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாண் உயரம்தான். ஏறக்குறைய கி.மு. 2100-ல், லகாஷ் நகரை ஆண்ட குடேயா, நிங்கிஷ்சிதா என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கை அது. கோல் ஒன்றை இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு மேலேறி, குவளையின் விளிம்பில் தலையை வைத்திருக்கின்றன. நான்காயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் படத்தை இந்த அரசமரத்தடியில் கொண்டுவந்து நட்டால், மஞ்சள் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவு ஒப்புமை.

அப்படியானால் சுமேரியாவிலிருந்து தேனிக்கு ஒரு கோடு போட்டுவிடலாமா? பலர் போட்டிருக்கிறார்கள். நான் போடத் தயாரில்லை. இடையே இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டு வெற்றிடம் கிடக்கிறது. சுமேரியத் தெய்வம் பாதாளத்துக்கும் செடிகொடிக்கும் உரியது. நம் நாகர் பிள்ளை வரம் தருபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பாம்பு பின்னி நிற்பதைக் காண யாரும் வெளியூர் போகத் தேவையில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். வாய்க்கால் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அப்பத்தா, "அசையாம நில்லுடா" என்று என் கையைப் பிடித்தாள். பத்தடி தள்ளி, அறுத்த நெல்லுத்தாளுக்கு நடுவே இரண்டு சாரைகள். ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு மேல் நீளம். உடம்பின் முன்பாதியைத் தரையிலிருந்து தூக்கி, கயிறு முறுக்குவதுபோல் ஒன்றையொன்று முறுக்கி எழுந்து நின்றன. கழுத்தோடு கழுத்து அழுத்தி, ஒன்று மற்றதன் தலையைக் கீழே சாய்க்கப் பார்த்தது. சாயும், பின்னல் அவிழும், மறுபடி முறுக்கிக்கொண்டு எழும். சத்தமே இல்லை. வயிற்றுச் செதில் தாளில் உரசும் சரசரப்பு மட்டும். கடிக்கவில்லை. அப்பத்தா மெதுவாக இரண்டு கையையும் கூப்பினாள். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் கூடுகின்றன. அந்த நேரத்தில் புது வேட்டியை மேலே போட்டு எடுத்து வைத்தால் வீட்டில் செல்வம் நிற்கும் என்றாள். எங்களிடம் அப்போது புது வேட்டி இல்லை.

பாம்பியல் அறிஞர்கள் இதைத் தெளிவுபடுத்திவிட்டார்கள். முறுக்கி நின்ற இரண்டுமே சாரைகள், இரண்டுமே ஆண்கள். இனப்பெருக்கக் காலத்தில் நடக்கும் பலப்பரீட்சை அது. தலை தாழ்ந்தது விலகிப் போய்விடும். சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பங்கள். கூடி இனம் பெருக்க முடியாது. நல்லபாம்பின் ஆண்களும் இப்படிப் பொருதுவதுண்டு. ஆனால் சாரை பகலில் திரியும் பாம்பு, வயலை ஒட்டி வாழும் பாம்பு. உழுகிறவர் கண்ணில் படும் ஆட்டம் பெரும்பாலும் சாரையின் ஆட்டமே. நாகர் கல்லைச் செதுக்கிய கைக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். சாரையின் பின்னலை எடுத்து, அதன்மேல் நல்லபாம்பின் படத்தை வைத்துவிட்டது அந்த உளி.

இனி ஹெர்மிஸின் கதைக்குத் திரும்பிப் பாருங்கள். வழியில் இரண்டு பாம்புகள் சண்டையிடுவதைக் கண்டு, அவர் தன் கோலை நடுவில் நீட்டினார். அவை கோலில் பின்னிக்கொண்டன என்பதுதான் புராணம். அஸ்கிலிப்பியஸ் பாம்பின் ஆண்களும் நம் சாரையைப் போலவே முறுக்கி நின்று பலம் பார்ப்பவை. கிரேக்க ஆட்டிடையன் மலைச்சரிவில் பார்த்ததும், என் அப்பத்தா வாய்க்கால் வரப்பில் பார்த்ததும் ஒரே காட்சி. ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்காமலே ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதற்கு அது போதும். அந்தக் காட்சிக்கு அங்கே சமாதானம் என்று பொருள் சொன்னார்கள், இங்கே பிள்ளைப்பேறு என்று.

ஒற்றைப் பாம்பைப் பற்றி இன்னொரு விளக்கம் மருத்துவ மாணவர்களிடையே பிரபலம். அது பாம்பே இல்லை, புழு என்கிறது அந்த விளக்கம். இதைச் சொல்ல அப்பத்தாவின் காலைத்தான் காட்ட வேண்டும். அவள் பிறந்தது வானம் பார்த்த பூமியில். ஊருணியில் இறங்கிக் குடத்தை அமிழ்த்தி மொண்டு குடித்த ஊர். அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே, ஐந்து பைசா அகலத்தில், சுருங்கிப்போன வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது. கேட்டால் "நரம்புச் சிலந்தி" என்பாள். பத்து வயசில் வந்ததாம். கொப்புளம் எழும்பி, தீயாய் எரிந்து, உடைந்து, உள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்ததாம். அவளுடைய தாத்தா வேப்ப ஈர்க்கை ஒடித்து, அந்த நூலின் முனையை அதில் சுற்றி, துணிவைத்துக் காலோடு கட்டிவிட்டார். ஒவ்வொரு நாள் காலையிலும் ஈர்க்கை ஒரு சுற்று, அரைச் சுற்று திருப்புவார். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்றாம் முழுசாக வெளியே வர.

வந்தது நரம்பும் அல்ல, சிலந்தியும் அல்ல. கினிப்புழு. பெண்புழு ஒரு மீட்டர் வரை நீளும், நூடுல்ஸ் கனம்தான். தேங்கிய நீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சிக்குள் அதன் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் எழும்பும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளை அந்த நீரிலேயே விடும். மறுபடி சைக்ளோப்ஸ், மறுபடி குடம். ரஷ்ய அறிஞர் ஃபெட்சென்கோ 1870-ல் சைக்ளோப்ஸின் பங்கைக் கண்டுபிடித்தார். அதற்கு வெகுகாலம் முன்பே அரபு வைத்தியர்கள் இந்நோய்க்கு 'மதீனா நரம்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம்மவர்களும் நரம்பு என்றே சொன்னார்கள். இங்கேயும் யாரும் யாரிடமிருந்தும் வாங்கியிருக்கத் தேவையில்லை. சதைக்குள்ளிருந்து வெள்ளையாக நீண்டு வருவதைப் பார்த்தால் நரம்பு என்றுதான் தோன்றும்.

குச்சியில் சுற்றிய புழு, கோலில் சுற்றிய பாம்பு: அழகான பொருத்தம். ஆனாலும் நான் ஏற்கவில்லை. அஸ்கிலிப்பியஸ் சிலைகளில் அக்குளில் ஊன்றி நிற்கும் நீண்ட ஊன்றுகோலில் ஏறுவது கண்ணும் செதிலும் உள்ள முழுப் பாம்பு. கோயிலில் வளர்ந்தது பாம்பு, கப்பலேறியது பாம்பு. கோலும்கூட ஊர் ஊராக நடந்து வைத்தியம் பார்த்தவரின் கைத்தடி என்று கொள்வதே இயல்பு. புழு என்று சொல்லும் பழைய கிரேக்க வாக்கு ஒன்றும் இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கவில்லை.

இந்த விளக்கத்தை நிராகரித்தாலும், அந்த ஈர்க்கை என்னால் மறக்க முடியவில்லை. இந்தியாவில் 1983-84-ல் கினிப்புழு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. படியிறங்கும் கிணறுகளுக்குச் சுவர் எழுப்பி, அடிகுழாய் போட்டு, துணியில் நீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் இருந்த ஏழு மாநிலங்களில் முதலில் விடுபட்டது தமிழ்நாடு. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. 1986-ல் உலகில் 35 லட்சம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்ட நோய், 2023-ல் 14 பேருக்கு மட்டுமே வந்தது. தடுப்பூசி இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டதே வைத்தியம். 1895-ல் பெரியாறு அணை திறந்தபின் ஓடும் நீரை நம்பி வாழப் பழகிய இந்தப் பள்ளத்தாக்கில், ஊருணித் தழும்போடு வாழ்க்கைப்பட்டு வந்த அப்பத்தா ஆற்றுநீரையும் சேலைத்தலைப்பில் வடிகட்டித்தான் குடித்தாள், கடைசிவரை.

பாம்பு மருத்துவமனை வாசலில் இருப்பதற்குக் கிரேக்கர்களுக்குத் தெரியாத காரணங்களை நம் காலம் சேர்த்துவிட்டது. கிரேக்கத்தில் மருந்துக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல். அதை நம் காலம் பாம்பின் நஞ்சிலேயே மெய்யாக்கியது. 1934-ல் இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தில் கண்ணாடிவிரியன் நஞ்சை நீர்க்கச் செய்து வைத்து ரத்தக்கசிவை நிறுத்திக் காட்டினார்கள். சுருட்டைவிரியன் நேர்மாறு வழிகாட்டியது. அதன் நஞ்சில் உள்ள ஒரு சிறு புரதம் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுக்கும். அதைப் பார்த்து வேதியியலாளர்கள் செய்த டைரோஃபிபன் என்ற மருந்து 1998 முதல் மாரடைப்பு நோயாளிகளுக்குச் சிரைவழியே ஏறுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தார். ராத்திரி முறைத்தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், வாழைத்தோப்பில் சருகு ஒதுக்குகிறவர்கள். அவர்களுக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே பிறக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துவிட்டு, பாம்புகளை மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். தேனிக்காரர் யாருக்குக் கடி என்றாலும் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏறுவது இந்த மருந்துதான்.

இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு வாரம் சாயங்கால நடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அட்டையை எடுத்துவந்து, ரப்பரால் சிறகுகளை அழித்தாள். ஒரு பாம்பையும் அழித்தாள். மிச்சமிருந்த பாம்பின் தலையை, கோலின் உச்சிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து முடித்தாள்.

"என்ன கலரு மாமா அடிக்க?"

அஸ்கிலிப்பியஸ் பாம்பின் முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள் என்றேன். அவள் கலர்ப் பென்சில்களைக் கொட்டித் தேடினாள்.

"அப்ப நம்ம சாரை மாதிரியேதான்" என்றாள். பழுப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு வாலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள்.